அறுத்துவுடு

கொலைகாரன் டீயில் பொறையை முக்கித் தின்றுகொண்டிருந்தான். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் டிரெய்லர் லாரிகள் அடித்த ஹாரனில் காது கிழிந்தது. அவனோ கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தவன் மாதிரி அவ்வளவு நிதானமாக இருந்தான். ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்ற பெனிட்டோவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இவன்தானா? நல்லாப் பாத்துச் சொல்லு."

"அதே கொரலு மாமு," என்றான் காலித். பெனிட்டோ எழுதும் யூடியூப் தொடருக்கு ஒலி சேர்ப்பவன் அவன்; குரலில் ஏமாற மாட்டான். "பேரு எத்திராஜ். காசிமேட்டுல மீன்புடி லாஞ்சு ஓட்டிகினு இருந்தாரு. கப்பல் முழுகுன அன்னிலேர்ந்து கடலுக்கே போவல. இங்க வந்து இரும்பு தூக்கிகினு கீறாரு."

மனசாட்சி உறுத்தினால் கடலைப் பார்க்க முடியுமா என்ன?

மூன்று வருடம் முன்பு, அந்தமானுக்குக் கிளம்பிய 'நீலாங்கனி' என்ற பயணிகள் கப்பல் எண்ணூருக்கு எதிரே எஞ்சின் நின்று தத்தளித்தது. இன்னொரு கப்பல் வந்து கயிறு கட்டி இழுக்கும்போது கயிறு அறுந்தது. நீலாங்கனி பாறையில் மோதிக் கவிழ்ந்தது. நாடே அழுதது. செத்தவர்களில் பெனிட்டோவின் அண்ணன் ஜேக்கப்பும் ஒருவன். கூடப் போயிருந்த அம்மா ரோஸ்மேரியை ஏதோ ஒரு படகு தூக்கிக் கரை சேர்த்தது.

கயிறு தானாக அறுந்தது என்றது விசாரணை அறிக்கை. தானாக அறுந்துபோக அது என்ன அரணாக்கயிறா? அந்த நேரத்தில் கடல் வயர்லெஸ்ஸில் பதிவான ஒரு குரல் பிறகு வாட்ஸ்அப்பில் ஊரெல்லாம் சுற்றியது. "அறுத்துவுடு, யோசிக்காத, அறுத்துவுடு." அவ்வளவுதான்.

அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் பெனிட்டோ 'அறுத்தவன்' என்ற தொடரை எழுதினான். வெளிநாட்டுக் கைக்கூலி, காணாமல்போன அதிகாரி, இன்சூரன்ஸ் மோசடி என்று அதில் எல்லாம் வரும். பாதிக்கு மேல் தன் சரக்கு என்பது அவனுக்கே தெரியும். ஆனால் குரல் நிஜம். ராயபுரத்தில் அப்பாவின் மளிகை மண்டியில் உட்கார்ந்தாலும் காதுக்குள் அதுதான் ஓடியது. அண்ணனைக் கொன்றவனை அம்மாவின் முன்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும், அதுவரை அவனுக்குத் தூக்கம் கிடையாது. முகத்தை மட்டும் காட்டுங்கள், மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று தொடரைக் கேட்பவர்களும் கறுவிக்கொண்டிருந்தார்கள்.

அம்மா மட்டும் அந்தக் குரலைக் கேட்கவே மாட்டேன் என்றுவிட்டாள். "மொதப் படகு சீக்கிரமா வந்துச்சு, நான் பொழச்சேன். அது போதும்ல, விட்டுரு," என்பாள். எப்படி விடுவது?

"இன்னொரு மேட்டரும் கீது," என்றான் காலித். "ரெண்டு நாள் கடல்ல இருந்துட்டு, அன்னிக்கு ஒத்த மீன் இல்லாம லாஞ்சு கரைக்கு வந்துச்சாம்."

மீன் பிடிக்கப் போனவன் மீனோடு வந்திருப்பான். போனது வேறு வேலைக்கு. பெனிட்டோ விறுவிறுவென்று ரோட்டைக் கடந்தான். பின்னாலேயே காலித் செல்போன் கேமராவை ஓடவிட்டுக்கொண்டு வந்தான்.

பெனிட்டோ எதிரே போய் நின்று, தன் போனில் அந்தக் குரலைப் போட்டுக் காட்டினான். எத்திராஜின் கையிலிருந்த கிளாஸ் பாதி வழியில் நின்றது.

"யார் குரல் இது?"

"என்னுதுதான்," என்றான் எத்திராஜ்.

இத்தனை சுலபமாக ஒப்புக்கொள்வான் என்று தொடரில்கூடப் பெனிட்டோ எழுதியதில்லை. இத்தனை நாள் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டான். லாஞ்சு ஓனர் திறக்கக்கூடாது என்று சொல்லிவிட்டாராம். லாஞ்சு நின்றது துறைமுகத்து எல்லைக்குள். அங்கே போனதே தப்பு, வெளியே தெரிந்தால் லைசென்ஸ் போய்விடும், அதனால் வாயை மூடிக்கொண்டேன் என்றான்.

"யார் சொல்லி அறுத்த?"

"யாரும் சொல்லல நைனா. பொயப்பே போயிடும்னு லாஞ்சுல இருந்த பசங்க தயங்குனானுங்க. நான்தான் கத்திகினே இருந்தேன். பக்கத்துல போன லாஞ்சுக்காரங்களுக்கும் வயர்லெஸ்ல அதையேதான் சொன்னேன்."

பெனிட்டோ அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். டீ கிளாஸ் விழுந்து உடைந்தது. சுமை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு ஓடிவந்தார்கள்.

"எங்கண்ணன் அந்தக் கப்பல்லதான் செத்தான். எங்கம்மாவும் அதுலதான் இருந்தாங்க."

எத்திராஜ் அவன் கையைத் தட்டிவிடவில்லை. ஓடிவந்தவர்களையும் கிட்டே வர வேண்டாம் என்று கையமர்த்தினான்.

"அம்மா பொயச்சிக்கினாங்களா?"

"பொழச்சாங்க. ஏதோ படகு தூக்குச்சு."

"மொத வந்த படகா?"

பெனிட்டோ ஆமாம் என்று தலையாட்டினான். எத்திராஜ் முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்துக்கொண்டான். அவன் கண் கலங்கியிருந்ததைப் பார்த்து, காலித்தின் கையிலிருந்த செல்போன் மெல்லத் தாழ்ந்தது.

"கயிறு அறுந்து கப்பல் சாயறத பாத்தப்ப, கடலுக்குள்ள எங்க பாரம் கெடந்துச்சு நைனா. அத்த இயுத்துகினு வந்தா உங்கம்மாகிட்ட வந்து சேந்திருக்க முடியாது. நான் அறுக்கச் சொன்னது எங்க வலைய."