கொடிக்கு ஒரு மார்கழி

மின்பங்கீட்டு விதிப்படி, தூத்துக்குடியில் இப்போது வீட்டுக்கு ஓர் அறையைத்தான் குளிரூட்டலாம். நம்பிராஜன் அந்த அறையை ஹாப்ஸ் என்ற குளிர்நாட்டுக் கொடிக்குக் கொடுத்துவிட்டார். கடுங்குளிரில் உறங்கி எழுந்தால்தான் அது நன்றாகப் பூக்கும். அந்தப் பூவைத் தலையணையில் அடைத்தால், புழுக்கத்தில் தூக்கத்தைத் தொலைத்த மனைவி செண்பகத்துக்குக் கண் சொக்கும்.

"கொடிக்கு மார்கழி, கட்டுனவளுக்குச் சித்திரையா?" என்று நொடித்தாள் அவள்.

"உனக்காகத்தானட்டி! பூக்குற வரைக்கும் பொறு."

மறுநாள் மதியம் கொடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனவர் அறை வாசலிலேயே நின்றுவிட்டார். தொட்டியை ஓரமாகத் தள்ளிவிட்டு, கல்யாணப் பரிசாக வந்து இதுவரை பிரிக்காத கம்பளியைப் போர்த்திக்கொண்டு, செண்பகம் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி..." என்றார் மெல்ல.

கண்ணைத் திறக்காமலே, "கதவைச் சாத்துங்க. மார்கழி வெளிய போவுதுல்லா," என்றாள்.

அவர் உள்ளே வந்து சாத்தினார். அவள் கம்பளியின் ஒரு பக்கத்தைத் தூக்கிக் கொடுத்தாள்.