ஏன்? ஏன்னா…

"ரேடியோ சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சுக்குங்கம்மா. இங்க எதிரொலி கேக்குது" என்றாள் ஷண்முகப்ரியா.

"உள்ள எடுத்துண்டு போடி" என்று மறுமுனையில் யாரையோ விரட்டும் பெண் குரல் கேட்டது. எதிரொலி நின்றது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பண்பலையில் வரும் நேரடி நிகழ்ச்சி அது. பெயர் 'ஏன்? ஏன்னா…'. நேயர்கள் போன் செய்து மனித மனத்தைப் பற்றி 'ஏன்' என்று கேட்பார்கள். மனநல நிபுணர் டாக்டர் வெங்கடரமணன் 'ஏன்னா…' என்று ஆரம்பித்துப் பதில் சொல்வார். பல்லியைக் கண்டால் ஏன் பயம், மாமியார் ஊருக்குப் போனதும் ஏன் தலைவலி விடுகிறது, எதைக் கேட்டாலும் மனிதர் வெளுத்து வாங்குவார். அடையாறு காலேஜ் பிள்ளைகள்கூட அவரைப் போலவே 'ஏன்னா…' என்று இழுத்துக் காட்டிச் சிரித்தார்கள். அவர் பேச்சை நிறுத்துவதுதான் தொகுப்பாளர் ஷண்முகப்ரியாவுக்கு வாராவாரம் பெரும்பாடு.

"பேர் வேண்டாமே. மயிலாப்பூர்லேர்ந்து பேசறேன். ஆத்துக்காரர் என்னோட பேசறதில்லை. ஏன்னு கேக்கணும்."

"சண்டையாம்மா?"

"சண்டை போட்டா அதுவும் பேச்சுதானே. வேலைக்குப் போறார், வரார், சாப்பிடறார். மோர் விடட்டுமான்னு கேட்டா, போதும்னு தட்டு மேல கையை வெச்சு மூடுவார். போன தீபாவளிலேர்ந்து இப்படித்தான். வெளியில எல்லாரோடயும் நன்னாத்தான் பேசறார்."

தி. நகரில் பேசிப் பேசியே புடவை விற்கிற ஜவுளிக்கடைக் குடும்பத்தில் பிறந்தவள் ஷண்முகப்ரியா. பேச்சில்லாத வீடு எப்படி இருக்கும் என்று அவளால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. டாக்டரைப் பார்த்தாள்.

அவர் தண்ணீர் டம்ளரை எடுத்து மெதுவாகக் குடித்தார். "ஏன்னா… சில பேருக்கு வேலைச் சுமை அதிகம். வீட்டுக்கு வந்தா அமைதி தேவைப்படும். நாமதான் புரிஞ்சுக்கணும்" என்று முடித்துக்கொண்டார்.

இவ்வளவு சுருக்கமாக அவர் பதில் சொல்லி அவள் கேட்டதே இல்லை. ராத்திரி சரியாகத் தூங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த அம்மாள் விடுவதாக இல்லை. பேச்சு நின்றுபோன வீட்டில் யாராவது ஒருவர் முதலில் வாய்விட்டுக் கூப்பிட வேண்டும், கூப்பிட்ட குரலுக்குத் திரும்பாத மனிதரே கிடையாது என்று போன வாரம் இதே நிகழ்ச்சியில் சொன்னார்களே, அப்படியே செய்து பார்த்தேன், அவர் திரும்பவில்லை என்றாள். இன்று சாயங்காலம் மகளைப் பெண் பார்க்க வருகிறார்களாம். வந்தவர்கள் உட்கார்ந்து காபி குடித்ததும், மனைவியைப் பார்த்து 'பொண்ணை அழைச்சுண்டு வா' என்று சொல்ல வேண்டியவர் அவர்தான். போன தடவை வந்தவர்கள் எதிரில் அவர் அதைச் சொல்லவில்லை. அவர்கள் கணவன் மனைவி இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எழுந்து போனவர்கள்தான். அந்த இடம் தட்டிப்போய்விட்டது.

"அந்த ஒரு வார்த்தையை மட்டும் என்னைப் பார்த்துச் சொன்னாப் போதும். அப்புறம் ஆயுசுக்கும் பேச வேண்டாம். நான் என்ன தப்பு பண்ணினேன்னு தெரிஞ்சா, திருத்திண்டுடுவேன்."

ஷண்முகப்ரியா பதிலுக்காகத் திரும்பினாள். டாக்டரோ சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவருக்கு இன்றைக்கு என்ன வந்தது என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது. தானே கேட்டாள்.

"அவர் ஏன் பேசறதில்லைன்னு உங்களுக்கே ஏதாவது தோணுதாம்மா?"

மறுமுனையில் ரிசீவரைக் கை மாற்றிப் பிடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "ஏன்னா…" என்றது குரல்.

"சொல்லுங்கம்மா. ஏன்னா?"

"ஏன்னா…" இந்த முறை குரல் உடைந்திருந்தது.

டாக்டர் தன் மைக்கின் மேல் கையை வைத்து மூடினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த ஒலிப்பதிவாளர் அக்பர் பாஷாவுக்கு மறு கையால் சைகை காட்டினார். இணைப்பு அறுந்து, ஊறுகாய் விளம்பரம் ஓட ஆரம்பித்தது.

"என்ன சார் இது? பாவம், காரணம் சொல்ல வந்தாங்க. ரெண்டு தடவை ஏன்னா, ஏன்னான்னு ஆரம்பிச்சாங்க. அதுக்குள்ள கட் பண்ணச் சொல்லிட்டீங்களே."

"நேரம் ஆயிடுச்சு. அடுத்த கேள்வி எடுங்க" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

அடுத்தவர் கிண்டியிலிருந்து பேசினார். பக்கத்தில் இருப்பவர் கொட்டாவி விட்டால் நமக்கும் ஏன் வருகிறது என்று கேட்டார். டாக்டர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஏன்னா…" என்று பழைய கணீர்க் குரலில் ஆரம்பித்தவர், விளக்கித் தள்ளினார். மனிதருக்கு மனிதர் மேல் உள்ள அக்கறைதான் அதற்குக் காரணமாம்.

மயிலாப்பூரில் காமாக்ஷி ரிசீவரை வைக்காமல் நின்றுகொண்டிருந்தாள். சமையலறையிலிருந்து டிரான்சிஸ்டரோடு வந்த ஹம்சா, அந்தக் கணீர்க் குரலைப் பாதியில் நிறுத்தினாள். அம்மாவின் கையிலிருந்த ரிசீவரை வாங்கி வைத்தாள்.

"ஊரே கேக்க ரெண்டு தடவை 'ஏன்னா'ன்னு கூப்பிட்டியேம்மா. அப்பா ஏன்னு ஒரு வார்த்தை கேக்கலையே" என்றாள்.