புது இலை விரியும் வரை

எதிர் ஃப்ளாட் சபேசன் சாரின் வைஃபையைச் சரிசெய்யப் போன நான், பின்னால் பார்க்காமல் நகர்ந்து அவருடைய ரப்பர் செடியின் மேல் உட்கார்ந்துவிட்டேன். என் எடைக்கு அதன் தலை முறிந்ததில் ஆச்சரியமில்லை.

"எருமை! உடைச்சவன்தான் பாத்துக்கணும். புது இலை விரியற வரைக்கும் தினம் வந்து துடைச்சுட்டுப் போ!" என்று கத்தினார்.

டெல்லி மயூர் விஹார் தூசிக்கு அது லேசான தண்டனை இல்லை. தினமும் ஈரத்துணியோடு ஆஜராவேன். திட்டு சூடாகவும், காபி ஆறியும் கிடைக்கும்.

"இலைக்கு அடியில துடைச்சியா?"

"துடைச்சேன் சார்."

"ஜூட்! பச்சைப் பொய்! உன்னையெல்லாம் ஆபீஸ்ல எப்படித்தான் வெச்சிருக்கானோ?"

"எனக்கும் அதே சந்தேகம்தான் சார்."

ஒருநாள் சிவப்பாக ஒரு துளிர் எட்டிப் பார்த்தது. விடுதலை என்று குதித்தேன். மறுநாள் அதைக் காணோம். அடுத்து வந்ததும் அப்படியே மாயமானது.

"உன் கைராசி அப்படி. விளங்கவே விளங்காது," என்றார்.

மூன்றாவது துளிரும் போன காலையில், அது இருந்த இடத்தில் பால் வடிந்துகொண்டிருந்தது. சாரின் கட்டைவிரலிலும் அதே வெள்ளைப் பால் பிசுபிசுத்தது.

எனக்கு ரத்தம் கொதித்தது. துணியை வீசி எறிந்தேன்.

"நீங்களே கிள்ளிட்டு என்னைத் திட்டுனீங்களா? நான் என்ன பைத்தியக்காரனா? ஏன் சார் இப்படிப் பண்றீங்க?"

அவர் விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"கத்தாதே. இலை விரிஞ்சுட்டா நீ வரமாட்டியேடா."