அவர் குரலில் ஓர் ஓட்டு

"வெள்ளிக்கிழமை வந்துருவேன், கொண்டைக்கடலை ஊறப்போட்டு வை" என்றதுதான் எம்.பி. பூவலிங்கம் மனைவி செண்பகத்திடம் கடைசியாகப் பேசியது. டெல்லி விமானம் ஏறும் முன்பே இதயம் நின்றுவிட்டது. புதிதாக வந்த சட்டப்படி, அவரைப் போலவே பேசப் பழக்கிய கணினியொன்று மீதிப் பதவிக்காலம் முழுக்க மக்களவையில் அவர் குரலில் பேசியது, ஓட்டும் போட்டது. சபை கூடும் நாளெல்லாம் காலை பதினொரு மணிக்கு டிவி முன் உட்கார்ந்து செண்பகம் அந்தக் குரலைக் கேட்டாள்.

அடுத்த தேர்தலில் கட்சி அந்தக் கணினியையே வேட்பாளராக நிறுத்தியது. எதிர்த்து நின்ற எஸ்தர் ஓட்டுக் கேட்டு வீட்டுக்கே வந்தாள்.

"பென்ஷனைக் குறைக்க அது ஓட்டுப் போட்டிருக்குக்கா. சிறுசேமிப்புக்கு வரி போடவும்தான். ஊரெல்லாம் பேசிட்டேன், உங்ககிட்ட சொல்லத்தான் சங்கடமாயிருக்கு."

"அவரா இருந்தாலும் போட்டிருப்பாரு, தாயி. கட்சி சொன்னா தட்ட மாட்டாரு. ஆனா வீட்டுக்கு வந்து ரெண்டு நாளைக்குச் சோறு இறங்காது. இதுக்கு அந்த வருத்தம் கிடையாதுல்லா."

"நான் ஜெயிச்சா அந்தக் குரலை நிறுத்திருவாங்கக்கா."

"தெரியும். காப்பியைக் குடி, ஆறுது."

செண்பகம் எஸ்தருக்கே போட்டாள். எஸ்தர் ஜெயித்தாள், குரல் நின்றது.

மக்களவை இப்போதும் காலை பதினொரு மணிக்குத்தான் கூடுகிறது.