மாஸ்டரின் வலது கால்

பிள்ளைகளுக்குக் கராத்தே பெல்ட் கட்டும்போது அவன் குனிந்து பார்ப்பதில்லை.

விரல்களே பார்த்துக்கொள்ளும். இடுப்பைச் சுற்றி, உள்ளே நுழைத்து, ஒரு இழுப்பு. முடிச்சு நேராக விழும். எதிரே நிற்கும் பிள்ளையின் முகம் மட்டும் புகையாக இருக்கும்.

மாஸ்டர் நம் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை, அவ்வளவு கெத்து என்று பிள்ளைகள் பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும்.

இடக் கண் ரிங்கிலேயே போய்விட்டது. தேசிய கிக்பாக்ஸிங் பட்டத்தை ஜெயித்த அதே ஆட்டத்தில். இதோடு நிறுத்திவிடு என்றார் டாக்டர். நிறுத்துகிற வயதா அது? அடுத்த வருடமும் ஆடினான், ஜெயித்தான், தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்தத் திமிருக்கு இப்போது வலக் கண்ணும் போய்க்கொண்டிருக்கிறது.

இது தெரிந்தவள் ஒருத்திதான். அவன் மனைவி பொன்மாரி.

அவளும் கராத்தேக்காரி. வருடா வருடம் பெல்ட் கொடுக்கும் விழாவில் அவனுக்கு எதிரே நிற்பவள் அவளே. அவன் வலது கால் சுழன்று வந்து அவள் கன்னத்துக்கு ஒரு விரல்கடை தள்ளி நிற்க வேண்டும். அவள் இமைக்கக் கூடாது. அதைப் பார்த்துவிட்டுத்தான் தூத்துக்குடியில் பாதிப் பேர் பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள்.

கண் மங்கிய பிறகு இருவருக்கும் ஓர் ஏற்பாடு. கால் கிளம்புமுன் அவள் கையை உதறுவாள். கஞ்சி போட்ட சட்டைக் கை படக்கென்று சொடுக்கும். கராத்தேயில் எல்லோரும் செய்வதுதான், யாருக்கும் சந்தேகம் வராது. சத்தம் வந்த இடத்தை வைத்து அவன் காலை நிறுத்துவான்.

போன வாரம் ஒத்திகையின்போது தெருவில் கோயில் கொடைத் திருவிழாவுக்குக் கட்டிய ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது. அவள் சொடுக்கியிருக்கிறாள். அவனுக்குக் கேட்கவில்லை. கேட்காமலே காலை விட்டான். இத்தனை வருடப் பழக்கம், தானாக நின்றுவிடும் என்று நினைத்தான்.

நிற்கவில்லை.

தாடையில் விரிசல். உதட்டில் தையல்.

மாடிப்படியில் விழுந்ததாக ஊருக்குச் சொல்லியாயிற்று.

இப்போது அவன் முதுகுக்குப் பின்னால், பெல்ட் விழா மண்டபத்தில் நாற்காலி அடுக்கிய மூலையில், செல்வராணியின் குரல் கேட்கிறது. ஆஸ்பத்திரி நர்ஸ். அவளுடைய பையன்கள் இருவரும் இங்கேதான் படிக்கிறார்கள். அவள் வாயைத் திறந்தால் போதும், தெருவே பிள்ளைகளை நிறுத்திவிடும்.

“படியில விழுந்த அடி இப்படியா இருக்கும்? நான் எத்தன பேரப் பாத்திருக்கேன். மாஸ்டர் கால் பட்டதுதான? நெசத்தச் சொல்லு பொன்மாரி, அவருக்குக் கண்ணு சரியாத் தெரியலையா? அன்னைக்கு எம்மவன் நீட்டுன கிக் பேடை விட்டுட்டு காத்துல ஒதைச்சாரே.”

அவன் விரல்கள் முடிச்சிலேயே நின்றன.

கண் தெரியாதவனிடம் யார் பிள்ளையை விடுவார்கள்? இந்த வகுப்பு போனால் அவனுக்கு வேறொன்றும் தெரியாது. ரிங்கில்கூட அவன் இப்படிப் பயந்ததில்லை.

தாடை அசைந்தால் பொன்மாரிக்கு வலிக்கும். பல்லைத் திறக்காமல் பேசினாள்.

“கண்ணெல்லாம் நல்லாத்தான் இருக்குக்கா. கோவம் வந்தா கை காலு பாக்க மாட்டாரு. அடிச்சிருவாரு.”

கல்யாணமான நாளிலிருந்து அவன் அவளைக் கடிந்து ஒரு சொல் சொன்னதில்லை. திரும்பி, பொய் என்று கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினால் நிஜம் என்னவென்று கேட்பார்கள்.

அவன் முடிச்சை இழுத்து இறுக்கினான்.

செல்வராணி பெருமூச்சு விட்டாள். அவனுக்கு நன்றாகவே கேட்டது. நிம்மதிப் பெருமூச்சு.

“நா என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன். ஆம்பள கோவம், அப்படித்தான் இருக்கும். நீதான் கொஞ்சம் அனுசரிச்சுப் போணும். பிள்ளையளுக்கு நல்லாச் சொல்லித் தாராருல்லா.”

மைக்கில் அழைத்தார்கள். அடுத்து, மாஸ்டரின் உதை.

பொன்மாரி வந்து எதிரே நின்றாள். வெள்ளையாக ஒரு கலங்கல், அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். வேண்டாம் என்று மெல்லச் சொன்னான்.

அவள் சட்டைக் கையைச் சொடுக்கினாள்.

கால் போய் நின்றது. எங்கே நின்றதென்று அவனுக்குத் தெரியாது. கைதட்டல் கேட்ட பிறகுதான் உயிர் வந்தது.

முதலில் ஓடி வந்தவள் செல்வராணி. பையன்கள் இருவரையும் முன்னே தள்ளினாள்.

“மாஸ்டர் கால்ல விழுந்து கும்பிடுங்கலே.”

சின்னக் கைகள் அவன் வலது பாதத்தைத் தொட்டன. கூசியது. இழுத்துக்கொள்ள முடியவில்லை. எல்லோரும் தன்னைத்தான் பார்க்கிறார்கள் என்று தெரிந்தது, எங்கிருந்து என்று தெரியவில்லை.

இடப்பக்கம் சட்டைக் கை மெல்லச் சொடுக்கியது.

அவன் சத்தம் வந்த பக்கம் திரும்பினான். கோபக்காரன் முகம் எப்படி இருக்குமோ, அப்படி வைத்துக்கொண்டான்.