கழுத்துப் பொத்தான்

போதை ஏறியவனுக்கு மேற்கொண்டு ஊற்றக்கூடாது என்பது சட்டம். போதையை அளக்க, தான் குடியை விட்டு வெகுகாலமான பார்க்காரர் சூசைமாணிக்கம் ஒரு வழி வைத்திருந்தார். சட்டையின் கழுத்துப் பொத்தானைப் போட்டுக் காட்டினால்தான் கிளாஸ் நிறையும். ஐந்தாவது ரவுண்டிலும் சிலர் அலட்சியமாகப் போட்டுவிட்டு வாங்கிப் போவார்கள். அன்று மதியம் கடை திறந்ததும் வந்த தங்கப்பழத்துக்குப் போட வரவில்லை. விரல்கள் துளையைச் சுற்றிச் சுற்றி நடுங்கின.

"குடிக்கல அண்ணாச்சி. பொஞ்சாதி ஆஸ்பத்திரில கெடந்த நாளெல்லாம் தொடல. அதான் கை ஆடுது. இப்ப அவள எடுக்கப் போறாவ. வாய்க்கரிசி சிந்தாமப் போடணும்."

சூசைமாணிக்கம் எட்டி, அவன் பொத்தானைத் தானே மாட்டிவிட்டு, ஒரு பெக் ஊற்றினார். தங்கப்பழம் கிளாஸை உதடுவரை கொண்டுபோய் நிறுத்தினான்.

"குனிஞ்சா அவளுக்கு வாடை அடிக்கும் அண்ணாச்சி."

அதை அப்படியே வைத்துவிட்டு, நடுங்கும் கைகளோடு படியிறங்கிப் போனான்.

ஊற்றியதைத் திரும்பப் பாட்டிலில் விடக்கூடாது. அதுவும் சட்டம்தான். கிளாஸைப் பார்த்தபடியே நெடுநேரம் நின்ற சூசைமாணிக்கம், தன் கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.