உயிரோடு திரிந்த வண்டு

மட்டாஞ்சேரி சுக்கு குடோனில் வண்டு சாக விஷவாயு மாத்திரை வைத்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. பூட்டைத் திறந்த செல்லப்பாவின் சட்டையை அவன் மனைவி சந்தனமாரி இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“கேஸ் போயிடுச்சான்னு தெரியாம உள்ள போவாதீங்க. எனக்கு ஈரக்கொலை நடுங்குது.”

“லாரி நிக்குது, விடுட்டி. இந்தா பாரு!” நிலைப்படியில் ஊர்ந்த வண்டைக் காட்டினான். “கேஸ் இருந்தா இது உயிரோட திரியுமா? இருபது வருசமா வண்டப் பாத்துதான் உள்ள போறேன், பயந்தாங்கொள்ளி!”

அவன் உள்ளே போய் மூட்டைகளை இழுக்கத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் அவளுக்குப் போன் வந்தது. போன வாரம் அங்கே வண்டு பிடித்துப்போன ஆய்வுக்கூடத்து மலையாளப் பெண் மஞ்சுஷா.

“சேச்சி, உங்க குடோன் வண்டு தனி வம்சம் கேட்டோ. மத்த எடத்து வண்டு சாகுற கேஸ பத்து மடங்கு வச்சும் இது சாகல.”

“ஏங்க!” என்று சந்தனமாரி அலறினாள்.

உள்ளே மூட்டை இழுக்கும் சத்தம் நின்றிருந்தது.